சான்றிதழில் ஒரு சாவு

போன் அடித்தது.

காலை எட்டு மணி. போளூர் பஸ் ஸ்டாண்டில் மசால் வடையை வாய்க்குள் தள்ளிக்கொண்டிருந்த சதீஸ்குமார், எண்ணெய் விரலால் போனைத் தேய்த்தான்.

"ஹலோ... சதீஸ்குமாரா?"

பெண் குரல். அதிகாரக் குரல்!

"ஆமாங்க."

"படவேடு தங்கவேல் மகன் சதீஸ்குமார்தானே?"

"ஆமாங்க... நீங்க யாரு?"

"மலை போலீஸ் ஸ்டேஷன். சப்-இன்ஸ்பெக்டர் நீலாவதி. சின்ன சந்தேகம். பதில் சொல்லிட்டு நீங்க பாட்டுக்கு டிபன் சாப்பிடலாம்."

"கேளுங்க மேடம்."

"உங்க பொண்டாட்டியை எங்க புதைச்சீங்க?"

வடை தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"பொ... பொண்டாட்டியா? எனக்கா?"

"செல்லின்னு பேரு. அதுக்குள்ள மறந்துட்டீங்களா? போன மாசம் மூணாம் தேதி மலைச் சரிவுல வுழுந்து செத்துட்டாங்கன்னு இறப்புச் சான்றிதழ் வாங்கியிருக்கீங்க. பதினோரு மணிக்குள்ள மேல வாங்க. நீங்க வரலேன்னா ஜீப் கீழ வரும்!"

டொக்!

சதீஸ்குமார் தண்ணீர் குடித்தான். வடை இறங்கியது. பயம் இறங்கவில்லை.

அவனுக்கு வயது இருபத்தொன்பது. இத்தாலியில் ஒரு தோல் கம்பெனியில் மெஷின் மெக்கானிக்; இப்போது லீவில் ஊருக்கு வந்திருக்கிறான். கல்யாணம் ஆகவில்லை! ஆகப் போகிறது. இன்னும் பதினோரு நாளில்!

மணப்பெண் காஷிஃபா. வாணியம்பாடிக்காரி. அதே கம்பெனியில் ஷூ டிசைன் போடுகிறவள். அந்த இத்தாலி ஊர் நகரசபையில் இருபத்திரண்டாம் தேதி பதிவுத் திருமணம். காதலித்தது இரண்டு பேர்தான். ஆனால் கல்யாணத்துக்கு இரண்டு அரசாங்கமும் மனசு வைக்க வேண்டியிருந்தது!

பிறப்புச் சான்றிதழ் வேண்டும். 'இந்த ஆளுக்கு இதுவரை கல்யாணம் ஆகவில்லை' என்று தாசில்தார் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் வேண்டும். இரண்டின் மேலும் வெளிநாட்டில் செல்லுபடியாகும்படி அப்போஸ்டில் என்று ஒரு முத்திரை வேண்டும். அதையெல்லாம் பார்த்துவிட்டு அங்கேயிருக்கும் இந்தியத் தூதரகம் 'எங்களுக்கு ஆட்சேபணை இல்லை' என்று ஒரு காகிதம் தர வேண்டும். அப்புறம் ஒரு எழுத்து விடாமல் இத்தாலிய மொழிபெயர்ப்பு!

இத்தனையும் ஒரு பக்கம் என்றால் இன்னொரு பக்கம் இக்பால் பாய். காஷிஃபாவின் அப்பா. தோல் வியாபாரி. ஒரு வருஷம் முறைத்துவிட்டு, போன ரம்ஜானுக்குத்தான் இறங்கி வந்தார். ஒரே ஒரு நிபந்தனை.

"பேப்பர் சுத்தமா இருக்கணும் தம்பி. உம்மேல ஒரு புள்ளி கறை தெரிஞ்சாலும் என் பொண்ணு கெடையாது!"

புள்ளியா? இங்கே ஒரு பிணமே கிடக்கிறதே!

அப்பாவுக்குப் போன் போட்டான்.

"நைனா! மலை போலீஸ் ஸ்டேஷன்லேர்ந்து கூப்பிட்டாங்க. எனக்குப் பொண்டாட்டி இருந்துச்சாம். செத்துட்டாளாம்!"

அந்தப் பக்கம் பைக் சாவி குலுங்கியது.

"நைனா...? லைன்ல கீறியா?"

"டேய்... நீ அங்கியே நில்லு. பெட்ரோல் போட்டுக்கினு வர்றேன்."

"யாரு நைனா செல்லி?"

கட்!

*

மலைப்பாதை முழுக்க தங்கவேல் வாயைத் திறக்கவில்லை. சாதாரணமாக ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு ஒரு ஊர்க் கதை சொல்கிற மனுஷன்! பின்னால் உட்கார்ந்திருந்த சதீஸ்குமாருக்கு அதிலேயே பாதி உயிர் போய்விட்டது.

ஸ்டேஷனில் நீலாவதி சுட்ட பலாக்கொட்டையை உரித்துத் தின்றபடி ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நாற்பது வயது. யாரையும் அவசரப்பட்டு நம்பாத கண்கள்.

"உட்காருங்க. யாரு கொன்னது? அப்பாவா, புள்ளையா?"

"மேடம், சத்தியமா எனக்குக் கல்யாணமே ஆவல!"

"அப்ப இது இன்னா?"

இரண்டு காகிதங்களை நகர்த்தினாள்.

ஒன்று, ரேஷன் கார்டு. குடும்பத் தலைவர்: சதீஸ்குமார். மனைவி: செல்லி.

இரண்டு, இறப்புச் சான்றிதழ். பெயர்: செல்லி. கணவர்: சதீஸ்குமார், படவேடு.

சதீஸ்குமார் அப்பாவைப் பார்த்தான். தங்கவேல் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நைனா... ஃபேன் ஓடல. இங்க பாரு."

தங்கவேல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கரும்புக்காகடா..."

"இன்னா கரும்பு?"

"பொங்கலுக்கு ரேஷன்ல குடுப்பாங்களே... கார்டுக்கு ஒண்ணு. நீ வெளிநாடு போறதுக்கு முன்ன, ஆறு வருசம் இருக்கும். உன் பேர்ல தனிக் கார்டு போட்டா இன்னொரு கரும்பு கெடைக்கும்னு தேவராஜ் சொன்னான். தனிக் கார்டுன்னா பொண்டாட்டி வேணுமாம். ஒரு பேரும் ஆதாரும் அவனே ஏற்பாடு பண்ணான்."

"நம்ம கொல்லையிலியே ரெண்டு ஏக்கரா கரும்பு நிக்குது நைனா!"

"அது நாம வெட்டணும். இது சொம்மா வருதுடா!"

நீலாவதி பலாக்கொட்டையை மெல்வதை நிறுத்தினாள்.

"யாரு அந்த தேவராஜ்?"

"போளூர் தாலுகா ஆபீஸுக்கு எதிர்ல ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கான் மேடம். எந்தச் சான்றிதழ் கேட்டாலும் அவன்கிட்டதான் போவோம். பதினஞ்சு நாளைக்கு முன்ன, இவனுக்குக் கல்யாணமாகாத சான்றிதழுக்கு எழுதிப் போட்டேன். வி.ஏ.ஓ. கார்டைப் பார்த்தாரு. 'பொண்டாட்டி பேரு கீதே, கல்யாணமாகாதவன்னு எப்படி எழுதறது?'ன்னாரு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. தேவராஜ்கிட்ட ஓடினேன். ரெண்டே வழின்னான்."

"இன்னா வழி?"

"விவாகரத்துன்னா கோர்ட்டு, ரெண்டு வருசம். சாவுன்னா மூணு நாளு."

"நீங்க?"

"இருபத்திரண்டாம் தேதி கல்யாணத்தை வெச்சுக்கினு ரெண்டு வருசத்துக்கு எங்க போறது மேடம்? சாவடிச்சிட்டேன்."

"ஏட்டு! எழுதிக்கினீங்களா? 'சாவடிச்சிட்டேன்'..."

"பேப்பர்ல மேடம்! பேப்பர்ல!" என்று அலறினார் தங்கவேல்.

சதீஸ்குமாருக்கு அழுகை அழுகையாக வந்தது. பெற்ற தகப்பனை அடிக்கவும் முடியவில்லை, விடவும் மனசில்லை.

"மேடம், இல்லாத பொண்டாட்டி செத்தா அது எப்படி மேடம் கொலையாவும்? செல்லின்னு யாருமே கெடையாது. இவங்க சும்மா ஒரு பேரு போட்டிருக்காங்க!"

"கெடையாதா? அப்ப புகார் குடுத்தது யாரு?"

"யாரு மேடம் குடுத்தாங்க?"

"செத்தவங்கதான்."

நீலாவதி வாசல் பக்கம் திரும்பினாள்.

"செல்லி! உள்ள வாம்மா!"

முப்பது வயதுப் பெண் ஒருத்தி உள்ளே வந்தாள். தலையில் காட்டுப்பூ. கையில் துணிப்பை. கால்கள் தரையில்தான் இருந்தன. தங்கவேல் அதையெல்லாம் பார்க்கவில்லை.

"ஐயோ... பேய்!"

பெஞ்சின் மேல் ஏறிவிட்டார்!

"எறங்குய்யா!" நீலாவதி அதட்டினாள். "நீ சொல்லும்மா."

"நூறு நாள் வேலைக்குப் போனேன் மேடம். விரல் வெச்சா, செத்துட்டேன்னு வருதாம். நான்தான் நிக்கிறனேன்னேன். மெஷின் ஒத்துக்கலியாம்! ஆறு வருசமா எங்கம்மா ரேஷன் கார்டுல என்னச் சேர்க்கவே முடியல. வேற எங்கியோ கீறேன்னாங்க. இப்பதான் தெரியுது எங்கன்னு."

"இவரைப் பாரு. இவரு உன் புருஷனா?"

செல்லி சதீஸ்குமாரை மேலும் கீழும் பார்த்தாள்.

"இல்ல மேடம். மொகமே பார்த்ததில்ல. இவ்ளோ ஒல்லியா இருந்தா எங்க மலையில ஆடிக்காத்துக்கு நிக்க மாட்டாரு."

நீலாவதி இறப்புச் சான்றிதழைத் தூக்கிப் பிடித்தாள். மூலையிலிருந்த கியூ.ஆர். கட்டத்தின் மேல் தன் போனைக் காட்டி ஸ்கேன் செய்தாள்.

போனில் நாதஸ்வரம் முழங்கியது!

'அன்புடையீர்! எங்கள் இல்லக் காதணி விழாவுக்குச் சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து...'

"அடப்பாவி!" என்றாள் நீலாவதி. "ஏதோ பத்திரிகையில இருந்த கட்டத்தை வெட்டி இதுல ஒட்டியிருக்கான். சாவுக்கு மொய் வெக்கச் சொல்றான்யா! இது சுத்தமான போலி. இதை ஸ்கேன் பண்ணிக்கூடப் பார்க்காம ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஏத்தியிருக்காங்க!"

சதீஸ்குமார் துள்ளி எழுந்தான்.

"அப்ப நான் கொலைகாரன் இல்ல! ரொம்ப தேங்க்ஸ் மேடம். நான் கெளம்பட்டுமா?"

"உட்காருங்க."

உட்கார்ந்தான்.

"இவங்க செத்திருந்தா நீங்க கொலைகாரன். உசுரோட இருந்தா நீங்க கல்யாணம் ஆனவன். கார்டு அப்படித்தான் சொல்லுது. ரெண்டுல எது வேணும்?"

பதினோரு நாள்... நகரசபை... இக்பால் பாய்... எல்லாம் அவன் கண்ணில் சுற்றியது.

"மேடம், பன்னெண்டு மணி ஜீப்பை வுட்டா எனக்கு ஊருக்கு வண்டி கெடையாது" என்றாள் செல்லி.

"நீ போம்மா. கூப்பிட்டா வரணும்."

"உசுரு இருந்தா வர்றேன் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

*

சதீஸ்குமாரின் போன் துடித்தது.

காஷிஃபா!

"ஸ்பீக்கர்ல போடுங்க" என்றாள் நீலாவதி.

"சதீஸ்! நீ பொண்டாட்டி செத்தவனா?"



"உ... உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்கப்பா நேத்து எல்லா பேப்பரையும் போட்டோ புடிச்சு எனக்கு அனுப்பினாரு. மொழிபெயர்க்கக் குடுக்கணும்ல? மொத்தம் பதினாலு பேப்பர். ஒம்போதாவது பேப்பர்ல உன் பொண்டாட்டி செத்துப் போயிட்டா! மூணு வருஷமா என்கூட டீ குடிச்சியே, ஒரு வார்த்தை சொன்னியா?"

"காஷி, சத்தியமா எனக்கே இன்னிக்குக் காலையிலதான் தெரியும்!"

"பொண்டாட்டி இருந்தது இன்னிக்குத்தான் தெரியுமா? யா அல்லா! இதை எங்க அப்பாகிட்ட போய்ச் சொல்லட்டுமா?"

"சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல. நீ சொல்றதைக் கேட்டுட்டுத்தான் சொல்லுவேன். சொல்லு!"

சதீஸ்குமார் ஒரே மூச்சில் சொன்னான். கரும்பு, கார்டு, தேவராஜ், செல்லி, காதணி விழா... சொல்லச் சொல்ல அவனுக்கே நம்பிக்கை வரவில்லை.



"கரும்புக்கா?"

"ஆமா."

"சரி, நம்பறேன். இவ்ளோ கேவலமா ஒரு பொய்யை உன்னால யோசிக்க முடியாது."

அவனுக்கு உயிர் வந்தது.

"ஆனா சதீஸ், பதிமூணாவது பேப்பர் எதுக்கு?"

"எந்தப் பேப்பர்?"

"இங்கிலீஷ்ல இருக்குது. கீழ உன் கையெழுத்து. 'செல்லியின் கணவரும் வாரிசுமான நான், புதூர்நாட்டு ரோட்டோரம் உள்ள அரை ஏக்கர் புளியந்தோப்பை விற்கும் அதிகாரத்தை போளூர் தேவராஜுக்குக் கொடுக்கிறேன்'னு போட்டிருக்குது. இத்தாலி நகரசபைக்குப் புளியந்தோப்பு எதுக்கு? இவங்க ஊர்ல ரசமே வெக்க மாட்டாங்களே!"

நீலாவதி நாற்காலியில் நிமிர்ந்தாள்.

"அந்த பேப்பரை எனக்கு அனுப்பும்மா! யாரும்மா நீ? போலீஸ்ல சேர்றியா?"

"வேணாம் மேடம். நான் ஷூவுல எந்தத் தையல் பிரியும்னு பார்க்கிறவ. எனக்கு அதே போதும்."

சதீஸ்குமார் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"மேடம், போன வாரம் தேவராஜ் கடையில பதினாலு எடத்துல கையெழுத்து வாங்கினான்; அந்தக் கட்டைத்தான் நைனா போட்டோ புடிச்சு அனுப்பியிருக்கு. 'இத்தாலிக்காரன் கேக்கிறான், போடு'ன்னான். போட்டேன். வர்ற திங்கக்கெழம ரிஜிஸ்டர் ஆபீஸ்ல ஒரு கைரேகை வெச்சிட்டா எல்லாம் முடிஞ்சுதுன்னான்!"

"படிக்காம போட்டீங்களா?"

"கல்யாண அவசரம் மேடம்..."

நீலாவதி எழுந்து ஜன்னலோரம் போனாள்.

"அந்த ரோட்டோரம் ரிசார்ட் கட்ட எடம் தேடறாங்கன்னு மலை பூரா பேச்சு. செல்லி உசுரோட இருந்தா தோப்பை விக்க மாட்டா. செத்துட்டா தோப்பு புருஷனுக்கு. புருஷன் இத்தாலிக்குப் பறந்துடுவான். பத்திரம் தேவராஜ் கையில! உங்க அப்பா போய் 'அவளைச் சாவடி'ன்னு கேட்டதும் அவனுக்குப் பழம் நழுவிப் பால்ல வுழுந்துடுச்சு."

"ஆனா செல்லிதான் உசுரோட கீறாளே மேடம்?" என்றார் தங்கவேல்.

"அதான்யா பயமா கீது. பேப்பர்ல ஏற்கெனவே செத்தவளை நேர்ல தள்ளிவிட்டா யாரு கேக்கப் போறாங்க? மலைச் சரிவுல வுழுந்து செத்தான்னு சான்றிதழே ரெடியா கீதே!"

  சற்று முன் பார்த்த அந்தப் பெண்ணுக்காக சதீஸ்குமார் முதல்முறையாகப் பயந்தான்.

"ஏட்டு! செல்லி வூட்டுக்குக் காவலுக்கு ரெண்டு பேரை அனுப்புங்க. போளூருக்குப் போன் போடுங்க. அந்த ஜெராக்ஸ்காரன் எனக்கு வேணும்!"

*

மறுநாள் காலை பத்து மணிக்கு தேவராஜ் வந்து இறங்கினான்.

வெள்ளைச் சட்டை. பாக்கெட்டில் நாலு பேனா. பயத்தின் சுவடே இல்லை!

"வணக்கம் மேடம். தங்கவேலண்ணே, சௌக்கியமா?"

"உன்னால சௌக்கியம்டா!" என்று பல்லைக் கடித்தார் தங்கவேல்.

நீலாவதி பத்திரத்தை நீட்டினாள். தேவராஜ் சிரித்தான்.

"பத்திரம் நெஜம்தான் மேடம். பொண்டாட்டி சொத்தைப் பார்த்துக்கன்னு தம்பிதான் எழுதிக் குடுத்துச்சு."

"இறப்புச் சான்றிதழ்?"

"அது தங்கவேலண்ணன் எங்கியோ வாங்கியாந்தது. போலின்னா எனக்கும் அதிர்ச்சிதான்."

"அடப்பாவி!"

"இருங்கண்ணே. சான்றிதழ்தான் போலி. கல்யாணம் நெஜம்! தோ பாருங்க மேடம்."

பையிலிருந்து ஒரு பழைய முத்திரைத்தாளை எடுத்தான். 'என் மகன் சதீஸ்குமாருக்கும் செல்லிக்கும் பெண் வீட்டார் ஊர்க் கோயிலில் திருமணம் நடந்தது உண்மை.' கீழே தங்கவேலின் கையெழுத்து!

"நைனா... இது உன் கையெழுத்தா?"

"கரும்புக்குன்னு சொன்னான்டா... போட்டுட்டேன்..."

"குடும்பத்துல எவனாவது படிச்சுப் பார்த்துட்டு கையெழுத்துப் போட்ட வழக்கம் உண்டாய்யா?" என்றாள் நீலாவதி.

தேவராஜ் குரலைத் தாழ்த்தினான்.

"மேடம், செல்லி உசுரோட இருக்காங்கன்னா ரொம்ப சந்தோஷம். ஆனா தம்பிக்குப் பொண்டாட்டி இருக்குது. தாசில்தார்கிட்ட இதைக் காட்டினா, கல்யாணமாகாதவன்னு சான்றிதழ் இந்த ஜென்மத்துல கெடைக்காது. பேசாம பத்திரத்தை முடிச்சிட்டா, நானும் இந்த முத்திரைத்தாளைக் கிழிச்சிடுவேன்."

மிரட்டல்! ஸ்டேஷனில் உட்கார்ந்துகொண்டே மிரட்டுகிறான்!

சதீஸ்குமாருக்கு ரத்தம் கொதித்தது.  கல்யாணம் நடந்தது என்று காட்டப் போட்டோ போதும். நடக்கவில்லை என்று காட்ட எதை எடுத்து நீட்டுவது?

"கல்யாணத்துக்கு வேற சாட்சி?" என்று கேட்டாள் நீலாவதி.

"நானே சாட்சி மேடம். அந்த ஊர்க் கோயில்ல நின்னு ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன்."

"எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

போட்டான். நாலு பேனாவில் நல்லதாக ஒன்றை எடுத்துப் போட்டான்.

"சரி, ஜீப்ல ஏறுங்க. அந்த ஊருக்கே போய்க் கேட்டுடலாம்."

தேவராஜின் முகம் சட்டென்று மாறியது.

"ஊ... ஊருக்கா? இப்பவா? எனக்கு ஜீப் ஒத்துக்காது மேடம். வாந்தி வரும்."

"பையில எடுங்க."

"தூசி வேற அலர்ஜி..."

"மூக்கை மூடிக்குங்க. ஏறுய்யா!"

ஜீப் கிளம்பியது. தேவராஜ் பின் சீட்டின் மூலைக்குப் போய், கண் மட்டும் தெரிகிற மாதிரி துண்டைச் சுற்றிக்கொண்டான்.

தங்கவேல் மகனின் கையைப் பிடித்தார். 

"டேய்... உன் கல்யாணம் என்னால நின்னுச்சுன்னா நான் வூட்டுக்கே வரமாட்டேன்டா."

"நைனா, நீ வூட்டுக்கு வா. ரேஷன் கடைக்கு மட்டும் போவாத."

சொல்லிவிட்டானே தவிர, அவன் மனசு முழுக்க திகில். ஊர்க்காரர்களை இந்த தேவராஜ் ஏற்கெனவே பேசி வைத்திருந்தால்? 'ஆமா, இவர்தான் மாப்ள' என்று ஒரே ஒருத்தன் கை காட்டினால் போதுமே!

ஊர் வந்தது. முப்பது வீடு. களத்தில் சாமை காய்ந்துகொண்டிருந்தது. ஜீப் சத்தம் கேட்டு ஜனங்கள் வெளியே வந்தார்கள்.

சதீஸ்குமார் முதலில் இறங்கினான்.

அடுத்த விநாடி...

"மாப்ள! மாப்ள வந்துட்டாரு! எல்லாரும் வாங்க, மாப்ள வந்துட்டாரு!"



ஊரே அவனை நோக்கி ஓடி வந்தது. முன்னால் வெள்ளை மீசை வைத்த ஊர்த் தலைவர், ஊர்க்கவுண்டர் முனியன். கூடவே செல்லியின் அம்மா மங்கம்மாள்.

முடிந்தது. எல்லாம் முடிந்தது. காஷிஃபா... இருபத்திரண்டாம் தேதி... கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

யாரோ அவன் தோளை இடித்துக்கொண்டு போனார்கள். இன்னொருத்தர் காலை மிதித்தார்.

கண்ணைத் திறந்தான்.

கூட்டம் அவனைத் தாண்டிப் போய் ஜீப்பைச் சூழ்ந்துகொண்டு நின்றது!

"மாப்ள! ரெண்டு வருசமா எங்க போனீங்க? வாயில இன்னா கட்டு?" மங்கம்மாள் ஒரே இழுப்பில் துண்டை உருவினாள்.

தேவராஜ் விழித்தான்.

"யா... யாரம்மா நீ? ஆளு மாத்திப் பேசறீங்க..."

"பிரகாஷு மாப்ள! என்னத் தெரியல?"

நீலாவதி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் அப்படியொரு ஆனந்தம்!

"பிரகாஷா? யாரும்மா இவரு?"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு செல்லி வந்தாள். ஜீப்புக்குள் பார்த்தாள். அப்படியே நின்றாள்.

"என் வூட்டுக்காரர் மேடம். ரோடு கான்ட்ராக்டு எடுக்கிறவரு. வாரத்துக்கு ஒரு வாட்டி வருவாரு. தோப்பை வித்துடலாம்னாரு, நான் மாட்டேன்னேன். அன்னிக்குப் போனவருதான்."

"நேத்தே ஏம்மா சொல்லல, உனக்குப் புருஷன் இருக்கிறான்னு?"

"இவரு உன் புருஷனான்னுதானே கேட்டீங்க? இல்லன்னேன். எனக்குப் புருஷன் இருக்கானான்னு யாரு கேட்டீங்க?"

ஏட்டு இருமினார். நீலாவதி தொப்பியைச் சரி செய்துகொண்டாள்.

"மேடம், பொய்!" தேவராஜ் கத்தினான். "எனக்குப் போளூர்ல குடும்பம் கீது! பொண்டாட்டி, ரெண்டு புள்ளைங்க! இந்தப் பொம்பள சதீஸ்குமார் பொண்டாட்டி!"

முனியன் முன்னால் வந்தார்.

"அப்ப நான் தின்னது யார் வூட்டு சோறு?"

"இன்னா சோறு பெரியவரே?" என்றாள் நீலாவதி.

"எங்க மலையில தாலி கட்டிட்டா மட்டும் கல்யாணம் ஆயிடாதும்மா. மாப்ள ஊருக்கே சோறு போடணும். ஊரு தின்னாதான் கல்யாணம். ஏழு வருசத்துக்கு முன்ன தோ இந்தக் களத்துலதான் சாமைச் சோறும் பன்னிக்கறியும் ஆக்கிப் போட்டாரு. எனக்கு மட்டும் எலும்பா வந்துச்சு. அந்தக் கோவத்துல இவரு மொகத்தை மறக்கவே இல்ல!"

"எனக்கும் எலும்புதான்!" என்றது ஒரு குரல்.

"எனக்குக் கறியே வரல!"

சதீஸ்குமாரின் கால்கள் தானாக முனியன் பக்கம் நகர்ந்தன.

"ஐயா... நான் உங்களுக்கு எப்பவாச்சும் சோறு போட்டிருக்கேனா?"

முனியன் அவனை உற்றுப் பார்த்தார்.

"நீ யாருன்னே தெரியாதே!"

இத்தனை இனிப்பான வார்த்தையை அவன் வாழ்க்கையில் கேட்டதில்லை. பெரியவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டான். தங்கவேலும் சேர்ந்து அழுதார்.

அரை மணி நேரத்தில் வாக்குமூலம் தயார். 'சதீஸ்குமார் என்பவர் எங்கள் ஊரில் எந்தக் கல்யாணத்துக்கும் சோறு போட்டதில்லை. செல்லியின் கல்யாணத்துக்குச் சோறு போட்டவர் ஜீப்பில் இருக்கிறார்.' கீழே நாற்பத்து மூன்று கையெழுத்து. அதை போட்டோ பிடித்து தாசில்தாருக்கு அனுப்பிவிட்டு நீலாவதி பேசினாள். போனை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"கார்டுலேர்ந்து செல்லி பேரை எடுக்கச் சொல்லிட்டாரு. வி.ஏ.ஓ. ஒரு வாட்டி விசாரிச்சு எழுதிட்டா, திங்கக்கெழம உங்க சான்றிதழ் வந்துடும். செவ்வாய்க்கெழம சென்னைக்கு ஓடி முத்திரை வாங்குங்க. தங்கவேல், உங்க மேல தனியா கேஸ் வரும். இப்பவே சொல்லிட்டேன்."

"வரட்டும் மேடம்" என்றார் தங்கவேல் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடறேன்."

சிக்னலுக்காக ஒரு பாறை மேல் ஏறி நின்று சதீஸ்குமார் இத்தாலிக்குப் போன் போட்டான்.

"காஷி! எனக்குக் கல்யாணம் ஆவல! நாப்பத்து மூணு பேரு எழுதிக் குடுத்துட்டாங்க!"

"அல்ஹம்துலில்லாஹ்!" காஷிஃபாவின் குரல் உடைந்தது. உடனே நிமிர்ந்தது. "சரி, அதுக்கும் அப்போஸ்டில் வேணுமான்னு கேட்டு வை. இந்த ஊர்ல எதைக் கேப்பாங்கன்னு தெரியாது!"

கீழே நீலாவதி தேவராஜின் கையில் விலங்கை மாட்டினாள்.

"கல்யாணத்தை ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன்னு எழுதிக் குடுத்தியே, அது மட்டும்தான்யா நீ சொன்ன உண்மை. மாப்பிள்ளைக்குத் தெரியாம கல்யாணம் நடக்குமா? போளூர்ல குடும்பம் கீறதால நானே வாரிசுன்னு வர முடியல, இந்தப் புள்ளையப் புருஷனாக்கிட்ட! போலிச் சான்றிதழ், ரெண்டாவது கல்யாணம், சொத்து மோசடி... வெளிய வர்றதுக்குள்ள உன் மீசை நரைச்சிடும்!"

செல்லி அவள் பக்கத்தில் வந்து நின்றாள். கையில் புளியங்கிளை. நல்ல கனமான கிளை.

"மேடம், ஒரு சந்தேகம். நான் செத்துட்டேன்னு சொன்ன அந்தச் சான்றிதழை எப்ப ரத்து பண்ணுவீங்க?"

"நாளைக்குக் காலையில பண்ணிடுவாங்கம்மா. ஏன்?"

செல்லி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஜீப்பில் காலை வைத்தாள்.

"அப்ப ஒரு பத்து நிமிஷம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க மேடம். செத்தவ மேல எந்தக் கோர்ட்டுலயும் கேஸ் நிக்காது!"